ஃபார்மட் போடுவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. கடைக்கு இடம் பிடித்துவிட்டாய் என்று தம்பி சொன்னான். ஒரு பக்கம் பேருந்து நிலையம், மறுபக்கம் சார்பதிவாளர் அலுவலகம். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு அதைவிட நல்ல இடம் நம் ஊரில் கிடைக்காது. யார் யார் வருவார்கள் என்பதை இப்போதே சொல்லிவிடலாம்: பத்திரம் எழுதுபவர், டேலியில் கணக்கு வைத்திருக்கும் மளிகைக் கடைக்காரர், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி ஆபரேட்டர், பிராஜெக்ட் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின மாலை லேப்டாப் செத்துப்போய் அழுதுகொண்டு வரும் கல்லூரிப் பெண். எல்லோரும் "கம்ப்யூட்டர் ஓடலை" என்றுதான் சொல்வார்கள். ஓடாத கம்ப்யூட்டருக்குப் பதில் இன்னொன்று வாங்கலாம்; உள்ளே இருப்பதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. மெஷினை ஓட வைத்துவிட்டு உள்ளே இருந்ததைத் தொலைத்துக் கொடுக்கும் வழக்கம் இந்தத் தொழிலில் வேரூன்றிவிட்டது. எதற்கெடுத்தாலும் "ஃபார்மட் போட்டுடலாம்" என்று சொல்லும் வழக்கம் அது. உன் கடையில் அது கடைசிச் சொல்லாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

முதலில் மிகச் சாதாரணமான வேலையிலிருந்து தொடங்குகிறேன். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்று சொன்னால் வந்தவர் முகம் சுருங்கும், ஏதோ தட்டிக் கழிக்கிறார்கள் என்று. அது ஒழுங்கான வைத்தியம். நாள் கணக்கில் அணையாமல் ஓடும் எந்த மெஷினிலும் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். 1991 பிப்ரவரி 25ஆம் தேதி, வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த இடத்தில் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 பேர் இறந்தார்கள். அதை வானிலேயே தடுக்க வேண்டிய பேட்ரியாட் அமைப்பின் கம்ப்யூட்டர் 100 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. நேரத்தைக் கணக்கிடும் முறையில் இருந்த நுண்ணிய பிழை சேர்ந்து சேர்ந்து ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. அவ்வளவு வேகத்தில் வரும் ஏவுகணையைத் தவறான இடத்தில் தேட அது போதும். இடையில் ஒருமுறை அணைத்துப் போட்டிருந்தால் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கும். திருத்திய மென்பொருள் வந்து சேர்ந்ததோ மறுநாள். 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் போயிங் 787 விமானங்களுக்கு இதே போன்ற ஒரு பிழைக்காக உத்தரவு போட்டது. 248 நாட்கள் மின்சாரம் துண்டிக்காமல் வைத்திருந்தால் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒரே நேரத்தில் நின்றுவிடக்கூடும், ஆகவே அதற்குள் அணைத்துப் போடுங்கள் என்றது.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதைத் தெரிந்துகொள். "தினமும் ராத்திரி ஷட் டவுன் பண்ணிட்டுத்தான் தூங்கப் போறேன்" என்று வாடிக்கையாளர் சொல்வார். பொய் சொல்லவில்லை. ஆனால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து 'அப் டைம்' என்ற இடத்தைப் பார்த்தால் வாரக் கணக்கில் ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டும். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் உட்பகுதி முழுதாக அணைவதில்லை. அந்த நிலையை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, காலையில் அதையே திரும்பத் தூக்கி வருகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையும். இதை வாடிக்கையாளருக்கு ஒரு நிமிடம் விளக்கிச் சொல். அவர் அடுத்த முறை காசு கொடுத்து வர வேண்டியிருக்காது. அதனால் உனக்கு நஷ்டம் என்று நினைக்காதே. தெருவே உன்னிடம் வரும்.

பிரிண்டர் புலம்பலும் இதே வகைதான். ஒரு பக்கம் சிக்கி, வரிசையில் பத்து வேலைகள் தேங்கி, எதையும் அழிக்க முடியாமல் நிற்கும். சர்வீசஸ் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்து. சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ். அங்கே தேங்கிக் கிடப்பதை அழி. ஸ்பூலரை மறுபடி ஓட விடு. இதற்காக விண்டோஸையே புதிதாகப் போட்டுக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன என்பது வருத்தமான விஷயம்.

இனி, தொலைந்ததுபோலத் தோன்றி உண்மையில் தொலையாத விஷயங்கள். ஜெராக்ஸ் கடையில் செருகிய பென்டிரைவோடு ஒருவர் வருவார். உள்ளே போட்டோ எதுவும் இல்லை, எல்லாம் ஷார்ட்கட்டாக இருக்கிறது என்பார். ஷார்ட்கட் வைரஸ் பெரும்பாலும் கோப்புகளை அழிப்பதில்லை. மறைத்துவிட்டு அதே பெயரில் பொய்யான ஷார்ட்கட்டை வைக்கிறது. அந்த ஷார்ட்கட்டைத் திறக்காமல், கமாண்ட் பிராம்ப்டில் அட்ரிப் கட்டளையால் மறைப்பை நீக்கினால் மகளின் மஞ்சள் நீராட்டுப் படங்கள் அப்படியே இருக்கும். வைரஸைச் சுத்தம் செய்வது அதற்குப் பிறகு. முதலில் ஃபார்மட் போட்டவருக்கு வைரஸும் போகும், படங்களும் போகும்.

அடுத்தது நம் மொழிக்கே உரிய தொல்லை. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் உன் கடைக்கு இரண்டு கட்டடம் தள்ளி பத்திரம் எழுதுபவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு நாள் ஒருவர் வந்து, "பத்து வருஷ டிராஃப்ட் எல்லாம் வைரஸ் தின்னுடுச்சு, ஒரே இங்கிலீஷ் கிறுக்கலா இருக்கு" என்பார். திறந்து பார். 'ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி' என்று ஐந்து குறிகள் சேர்ந்து நின்றால், அது பாமினி எழுத்துருவில் அடித்த 'தமிழ்' என்ற சொல். பழைய எழுத்துருக்கள் அப்படித்தான் செய்யப்பட்டன. ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய அறையில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தார்கள். எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் கிறுக்கல். அவர் எழுதியதில் ஒரு புள்ளிகூடக் கெடவில்லை. யாரோ ஒருவர் ஃபார்மட் போட்டபோது விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை எடுத்து வைக்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

பாமினி ஒன்று மட்டுமில்லை. அரசு அலுவலகங்களிலிருந்து வந்த பழைய கோப்புகளில் வானவில் அவ்வையார் இருக்கும். சிவகாசி அச்சகங்களில் பேஜ்மேக்கரில் செய்த பத்திரிகைகளும் காலண்டர்களும் வேறு எழுத்துருக்களில் இருக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று இரண்டு குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தமிழக அரசு ஏற்றது. இணையத்தில் எழுதியவர்களிடையே டிஸ்கி என்ற இன்னொரு குறியாக்கம் புழங்கியது. கோவை செம்மொழி மாநாடு நடந்த 2010இல்தான் யூனிகோடை அரசு தரமாக அறிவித்தது. இத்தனைக்கும் நடுவில் எழுதப்பட்ட பத்திரங்கள், தீர்ப்பு நகல்கள், ஊர்க் கோயில் வரலாறுகள், ஆய்வேடுகள் ஆயிரமாயிரம் ஹார்ட் டிஸ்க்குகளில் கிடக்கின்றன. அவற்றைத் திறக்கத் தெரிந்த ஒருவர் அந்தத் தெருவில் இருப்பது பெரிய உபகாரம்.

யூனிகோடுக்கு மாற்றிக் கொடுக்க என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் உண்டு. மாற்றியதை அப்படியே கொடுத்துவிடாதே. பழைய எழுத்துருவில் 'கெ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க. யூனிகோடில் முதலில் க, பிறகுதான் கொம்பின் குறி. திரையில் மட்டும் முன்னால் தெரிகிறது. கருவி இந்த வரிசையை மாற்றிப் போட வேண்டும், சில இடங்களில் தடுக்கி விழும். இடையில் ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரி, நிறுவனப் பெயர் எல்லாம் அர்த்தமில்லாத தமிழாக மாறியிருக்கும். 'கௌரி'யில் வரும் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் தனி ளகரமும் உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் தேடினால் அகப்படாது. காலுக்குப் பதில் ரகரம் விழுந்திருக்கும். பத்திரத்தில் ஒரு பெயர் இப்படிப் பிசகினால் பின்னால் வரும் தலைமுறை நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும். ஆகவே மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்காதே. பழைய எழுத்துருவில் ஒன்று, யூனிகோடில் ஒன்று, பழையதைத் திரையில் பார்த்தபடியே எடுத்த பிடிஎஃப் ஒன்று என்று மூன்றையும் கொடு.

உண்மையிலேயே விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டிய நாளும் வரும். அன்றைக்கு டாக்குமெண்ட்ஸையும் டெஸ்க்டாப்பையும் காப்பி எடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். மளிகைக் கடைக்காரரின் டேலி கணக்கு அங்கே இருக்காது. பப்ளிக் என்ற ஃபோல்டருக்குள்ளோ, சி டிரைவில் தனியாகவோ இருக்கும். அவுட்லுக் அஞ்சல்கள் வேறிடம். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் வேறிடம். ஃபான்ட்ஸ் ஃபோல்டரைப் பற்றி மேலே சொன்னேன். அதனால் ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடாமல், முழு டிஸ்க்கையும் ஒரு இமேஜாக எடுத்து ஒரு மாதம் வைத்திரு. ஒரு மாதம் கழித்து, வாடிக்கையாளரிடம் கேட்டுவிட்டு அழி. அதற்கென்று ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்குவதை முதல் செலவாக வைத்துக்கொள், பெயர்ப் பலகைக்கு முன்னால்.

அந்த வேலைக்கும் முன்னால் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ இலவசம்தான். கெட்டுப்போன செக்டார்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தால் அந்த டிஸ்க்கில் ஃபார்மட் போடுவது வீண், ஆபத்தும்கூட. 'டக் டக்' என்று சத்தம் வந்தால் மின்சாரத்தை நிறுத்து. எந்த மென்பொருளும் ஓட்டாதே. மீட்பு ஆய்வகத்துக்கு அனுப்பினால் எவ்வளவு செலவாகும் என்று விசாரித்து, முடிவை உடையவரிடம் விடு. தவறி அழித்த கோப்பு என்றால் ஹார்ட் டிஸ்க்கில் நம்பிக்கை உண்டு. அழித்தாலும் மேலே வேறொன்று எழுதப்படும்வரை உள்ளே இருக்கும். ஃபோட்டோரெக், டெஸ்ட்டிஸ்க் இரண்டும் இலவசம், மீட்டதை வேறு டிஸ்க்கில்தான் எழுத வேண்டும். எஸ்எஸ்டியில் அந்த நம்பிக்கை மிகக் குறைவு. டிரிம் என்ற ஏற்பாடு அழித்த இடத்தைச் சீக்கிரமே துடைத்துவிடும். வேகமான கம்ப்யூட்டர் வேண்டும் என்று எஸ்எஸ்டி போட்டுக் கொடுக்கும் அன்றே இதையும் சொல்லி, தனியாக ஒரு காப்பி வைக்கச் சொல்.

காப்பி இருக்கிறது என்ற நம்பிக்கை வேறு, காப்பி உண்மையில் இருப்பது வேறு. 1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படம் உருவாகிக்கொண்டிருந்தபோது, யாரோ கொடுத்த ஒரு அழிப்புக் கட்டளையால் படத்தின் பெரும்பகுதி கண் முன்னாலேயே மறைந்தது. பேக்கப்பை எடுத்துப் பார்த்தால் அது சரியாகப் பதிவாகியிருக்கவில்லை. பிள்ளை பெற்று வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் இருந்தது. அதைப் போர்வையில் சுற்றி, கார் சீட்டில் பெல்ட் போட்டு அலுவலகத்துக்குக் கொண்டு வந்தார்கள். 2017 ஜனவரி கடைசி நாளில் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்தபோதும், ஏற்பாடு செய்து வைத்திருந்த ஐந்து விதப் பாதுகாப்பு முறைகளில் ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை என்று அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது. அவ்வளவு பெரிய இடங்களிலேயே இப்படி என்றால், பேக்கப்பைத் திறந்து நாலு கோப்பைப் படித்துப் பார்க்காமல் ஃபார்மட் பொத்தானை அழுத்தலாமா?

புதிய லேப்டாப்புகளில் இன்னொரு பூட்டு இருக்கிறது. டிஸ்க் முழுவதும் பிட்லாக்கரால் மறையாக்கம் ஆகியிருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு விண்டோஸ் 11 தொடங்கியவர்களில் பலருக்கு அது நடந்ததே தெரியாது. மதர்போர்டை மாற்றினாலோ பயாஸில் சில அமைப்புகளைத் தொட்டாலோ 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அது இல்லாவிட்டால் உன்னாலும் முடியாது, யாராலும் முடியாது. 2024 ஜூலை 19 உனக்கு நினைவிருக்கும். பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு பழுதான புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கான மருந்து எளியது: சேஃப் மோடில் போய் ஒரு கோப்பை அழித்தால் போதும். ஆனால் ஒவ்வொரு மெஷினாகப் போய்ச் செய்ய வேண்டியிருந்தது. சேஃப் மோடுக்குப் போகும் வழியிலேயே பிட்லாக்கர் அந்த எண்ணைக் கேட்டதால் பல அலுவலகங்களில் வேலை இன்னும் நீண்டது. லேப்டாப்பை வாங்கி வைத்து, ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன், மீட்பு எண் எங்கே இருக்கிறது என்று உடையவரின் கணக்கில் அவரையே பார்க்கச் சொல். ஒரு தாளில் எழுதி அவர் கையிலேயே கொடு.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம். 2008இல் ஹாங்காங் நடிகர் எடிசன் சென்னின் அந்தரங்கப் படங்கள் உலகமெங்கும் பரவின. ரிப்பேருக்குக் கொடுத்த லேப்டாப்பிலிருந்து கடையில் வேலை பார்த்தவர் காப்பி எடுத்ததில் தொடங்கியது அது. அவருக்கு மறு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. படங்களில் இருந்த பெண்கள் பட்ட பாட்டுக்கு எந்தத் தண்டனையும் ஈடாகாது. 2022இல் வெளியான ஓர் ஆய்வுக்காகக் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சின்னக் கோளாறு ஒன்றைச் செய்து வைத்த லேப்டாப்புகளைப் பல சர்வீஸ் கடைகளில் கொடுத்துப் பார்த்தார்கள். பழுதுக்குச் சம்பந்தமே இல்லாத சொந்தக் கோப்புகளை ஆறு கடைகளில் திறந்து பார்த்திருந்தார்கள். இரண்டு கடைகளில் தங்கள் டிஸ்க்கில் காப்பியும் எடுத்திருந்தார்கள். பெண்ணின் லேப்டாப் என்று தெரிந்த இடத்தில் இந்த நோட்டம் கூடுதலாக இருந்தது. பேட்டரி மாற்றுவதற்குக்கூடப் பாஸ்வேர்டு கேட்ட கடைகள் உண்டு.

உன் கடைக்குப் பெண்கள் தேடி வருவார்கள் என்று நான் நம்புவது இதனால்தான். பேட்டரி, கீபோர்டு, ஸ்க்ரீன் வேலைக்குப் பாஸ்வேர்டு கேட்காதே. கேட்டே தீர வேண்டிய வேலையில், அவர்களையே பக்கத்தில் உட்கார வைத்துச் செய். வேலைக்கு ஒரு பையனைச் சேர்த்தால் இதை முதல் நாளே அவனுக்குச் சொல்லிவிடு. பிரிண்ட் எடுக்க வருபவர்கள் ஆதார், பட்டா, ஸ்கேன் ரிப்போர்ட் என்று எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். ஒவ்வொருவர் போனதும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைக் காலி செய். அவர்களுடைய வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் லாக் அவுட் ஆகிவிட்டதா என்று அவர்கள் கண் முன்னாலேயே காட்டு. மறைத்த எண்ணோடு, கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரை ஆதார் ஆணையமான உதாயின் தளத்திலேயே எடுக்கலாம் என்பதையும் சொல்லிக் கொடு.

தேர்வு விண்ணப்பக் காலத்தில் போட்டோ 50 கேபி, கையெழுத்து 20 கேபி என்று கேட்டுப் பிள்ளைகள் திண்டாடுவார்கள். கூகுளில் முதலில் வரும் ஏதோ ஒரு இலவசத் தளத்தில் ஏற்றிச் சுருக்குவார்கள். பெற்றோரின் பெயர், கையெழுத்து, சாதிச் சான்றிதழ் எல்லாம் யாருடைய சர்வருக்கோ போகின்றன. இர்ஃபான்வியூவில் இணையமே இல்லாமல் சுருக்கலாம். ஸ்குவூஷ் தளத்தைப் பிரவுசரில் திறந்தாலும் படம் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போவதில்லை. பிடிஎஃப் சேர்க்கவும் பிரிக்கவும் பிடிஎஃப்சாம் இருக்கிறது. இவற்றை எல்லாக் கம்ப்யூட்டரிலும் போட்டு வை.

பாஸ்வேர்டு தொல்லையைப் பற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வந்து குறைப்படுவார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பெரிய எழுத்து, எண், குறி என்று கலந்து போடு, அடிக்கடி மாற்று என்ற விதிகளை 2003இல் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட்டுக்காக எழுதியவர் பில் பர். 2017இல், தான் எழுதியதில் பெரும்பகுதிக்கு வருந்துவதாக அவரே பேட்டியில் சொன்னார். காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று நிஸ்ட்டும் அதே ஆண்டு திருத்திக்கொண்டது. நீளமாக, நினைவில் நிற்கிறபடி, ஒவ்வொரு இடத்துக்கும் வேறாக இருந்தால் போதும். வயதானவர்கள் ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வைப்பதைத் தடுக்காதே. அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியது வேறு: வங்கியின் கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடக் கூடாது, போனில் பேசுகிறவர் சொன்னார் என்று தூரத்திலிருந்து கம்ப்யூட்டரையும் போனையும் இயக்கவிடும் எனிடெஸ்க் போடக் கூடாது, பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும்.

பில் போடும் விஷயம். 2025 அக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு இல்லாத பழைய மெஷின்களை விண்டோஸ் 11 ஏற்காது. "புதுசு வாங்கிடுங்க" என்று சொல்வது கடைக்காரருக்கு லாபம்தான். ஆனால் பிள்ளை ஆன்லைனில் படிக்கவும் அம்மா தையல் வீடியோ பார்க்கவும் மட்டும் இருக்கும் ஒரு வீட்டில், ஒரு எஸ்எஸ்டியும் லினக்ஸ் மின்ட்டும் போட்டால் அதே மெஷின் இன்னும் சில ஆண்டுகள் ஓடும். டேலியும் பழைய பேஜ்மேக்கரும் ஓட்டுகிறவருக்கு அது சரிப்படாது. யாருக்கு எது என்று கேட்டுத் தெரிந்து சொல்வதற்கு உன் கூலியை வாங்கிக்கொள், வெட்கப்படாதே. பில்லில் என்ன கோளாறு, என்ன செய்தோம், எதைத் தொடவில்லை என்று மூன்று வரி தமிழில் எழுது.

பஸ் பார்சலில் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். பழைய ஐடிஇ டிஸ்க்கை யூஎஸ்பியில் மாட்டும் கன்வெர்ட்டர் அதில் இருக்கிறது. இப்போது அது எளிதில் கிடைப்பதில்லை. டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்க்குக்கு அதோடு வரும் அடாப்டரையும் செருக வேண்டும், யூஎஸ்பி மின்சாரத்தில் அது சுற்றாது. டிஸ்க் தெரியவில்லை என்றால் பின்பக்கத்து ஜம்பரை மாஸ்டரில் வைத்துப் பார். அப்போதும் தெரியாவிட்டால் மேற்கொண்டு எதையும் செய்யாமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குப் போன் செய். வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
பெரியப்பா